பரிந்துரைத் தரகும் விலை நேர்மையும்: குற்றாலம் சீசனை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு வாடிக்கையாளரைக் கடைக்கோ விடுதிக்கோ தொழில் செய்பவரிடமோ அனுப்பி வைத்தவருக்கு, அந்த இடத்தார் கொடுக்கும் பணம் அல்லது பயன் பரிந்துரைத் தரகு எனப்படும். பேச்சு வழக்கில் இது ‘கமிஷன்’. சிறுதொழில்கள் பலவற்றில் இது அன்றாட நடைமுறை. பெரிய அளவில் விளம்பரம் செய்ய வசதியில்லாத ஒரு கடைக்காரருக்கு, ஆள் அனுப்பி வைப்பவரே விளம்பரம். அந்த உதவிக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை என்பது ஒரு பக்கம். அந்தக் கூலி கடைசியில் யார் பையிலிருந்து போகிறது, அது அவருக்குத் தெரியுமா என்பது மறுபக்கம். இக்கட்டுரை தென்காசி மாவட்டத்தின் குற்றாலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த இரண்டு பக்கங்களையும் விளக்குகிறது.

சொற்களும் வகைகளும்

‘தரகு’ பழைய சொல். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நின்று பேரம் முடித்துக் கொடுப்பவர் தரகர். அவர் பெறும் கூலி தரகு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும்போது, பேசப்படும் தொகை சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் இடையில் நிற்பவர் தரகர் என்பதும், பேரம் முடிந்தால் அவருக்குக் கூலி உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். தென்காசி அருகே பாவூர்சத்திரத்தில் உள்ள காய்கறிச் சந்தையிலும் இதே நிலைதான். விவசாயி மூட்டையைக் கமிஷன் கடையில் இறக்குகிறார். கடைக்காரர் விற்றுக் கொடுத்துவிட்டு, தம் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். கமிஷன் அதிகம் என்று விவசாயி குறைபட்டுக் கொள்ளலாம். அப்படி ஒன்று பிடிக்கப்படுவது தமக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. இதை ‘அறிந்த தரகு’ எனலாம்.

ஊருக்குப் புதிதாக வந்தவர், “நல்ல ரூம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறார். வந்தவர் அதை உள்ளூர்க்காரரின் யோசனையாக எடுத்துக்கொள்கிறார். அழைத்துப் போனவருக்கு விடுதியிலிருந்து பணம் கிடைப்பது அவருக்குத் தெரியாது. இது ‘மறைந்த தரகு’. இரண்டிலும் கைமாறும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்துவது, பணம் கொடுப்பவருக்கு விவரம் தெரியுமா தெரியாதா என்பதே.

தரகு எப்போதும் ரொக்கமாக இருப்பதில்லை. நெடுஞ்சாலை உணவகங்களில் பேருந்தை நிறுத்தும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கிடைக்கும் இலவசச் சாப்பாடும் தரகுதான். சில பெயின்ட் வாளிகளுக்குள் இருக்கும் டோக்கன் பெயின்டருக்குப் போகிறது. வாளிக்குப் பணம் கொடுப்பவர் வீட்டுக்காரர். கல்யாண மண்டபம், சமையல்காரர், மேடை அலங்காரம், போட்டோ, பந்தல் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டி விடுவதில் பணமே கைமாறாமல், “நீங்கள் எனக்கு அனுப்புங்கள், நான் உங்களுக்கு அனுப்புகிறேன்” என்ற ஏற்பாடும் உண்டு. வடிவம் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பரிந்துரைத்தவருக்கு இதில் ஆதாயம் உண்டு என்பது, பரிந்துரையை நம்பியவருக்குத் தெரியுமா?

குற்றாலம் ஏன்?

குற்றாலம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்காசியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் உள்ளது. திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கப்பட்டபோது குற்றாலம் புதிய மாவட்டத்தின் பகுதியானது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி ஆகியவை மக்கள் குளிக்க வரும் அருவிகள். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். பிறகு கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். இடையில் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் விழுந்தாலும் சீசன் கூட்டம் இருக்காது. கோடையில் பாறை தெரியும்.

ஆகவே இங்குள்ள விடுதி, காட்டேஜ், சாப்பாட்டுக் கடை, நேந்திரங்காய் சிப்ஸ் கடை, மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் பழக்கடை, எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி, ஆட்டோ, வேன் என்று எல்லோருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சில மாதங்களும் உறுதியில்லை. மலையில் மழை பெய்யாவிட்டால் கூட்டம் இல்லை. அதிகம் பெய்தால் வெள்ளம் வந்து குளிக்கத் தடை.

வருபவர்களில் பலர் ஊரை அறியாதவர்கள். காலையில் பொதிகை விரைவு ரயிலில் தென்காசியில் இறங்கும் குடும்பத்துக்கு முதலில் கிடைப்பவர் ஆட்டோ ஓட்டுநர். வேன் பிடித்து வருபவர்களுக்கு வேன் ஓட்டுநரே வழிகாட்டி. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எங்கே சிப்ஸ் வாங்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஆள் பதில் சொல்கிறார். சுற்றுலா ஊர்கள் எல்லாவற்றிலும் தரகு வளர்வது இப்படித்தான். எல்லா ஓட்டுநரும் கமிஷன் வாங்குகிறார்கள் என்றோ எல்லா விடுதியும் கொடுக்கிறது என்றோ இதற்குப் பொருளில்லை. ஆனால் வாங்காதவரும் கொடுக்காதவரும்கூட, வாங்குபவரும் கொடுப்பவரும் இருக்கும் சந்தையில்தான் பிழைப்பு நடத்த வேண்டியிருக்கிறது.

விடுதிக்காரர் ஏன் கொடுக்கிறார்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போதும். பத்து அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதி. கடன் தவணை, வரி, மின்சாரம், சம்பளம், வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் நிலையான செலவு என்று வைத்துக்கொள்வோம். மற்ற மாதங்களில் 3 லட்சம் தேறுகிறது. மீதி 6 லட்சத்தைச் சீசனின் 90 நாளில் எடுத்தாக வேண்டும். பத்து அறைக்கு 90 நாள் என்றால் 900 இரவுகள். அதில் 70 சதவீதம், அதாவது 630 இரவுகள் நிரம்பினால், ஓர் இரவுக்கு சுமார் 950 ரூபாய் நிலையான செலவுக்கே போய்விடும். 40 சதவீதம், அதாவது 360 இரவுகள்தான் நிரம்பின என்றால் அதே சுமை ஓர் இரவுக்கு சுமார் 1,670 ரூபாய் ஆகிவிடும்.

காலியாகக் கிடந்த இரவு மறுநாள் திரும்பி வராது. 1,500 ரூபாய் அறைக்கு 300 ரூபாய் கமிஷன் கொடுத்தாலும் 1,200 கையில் நிற்கும். கொடுக்காமல் அறை காலியாகக் கிடந்தால் ஒன்றும் இல்லை. எனவே விடுதிக்காரர் கமிஷன் கொடுப்பது பேராசையால் என்பதைவிடப் பயத்தால் என்பதே பொருந்தும். பக்கத்து விடுதி 300 கொடுத்தால் இவர் 350 கொடுக்க வேண்டும்; அவர் 400 ஆக்குவார். இந்தப் போட்டியால் குற்றாலத்துக்கு வரும் கூட்டம் ஓர் ஆள்கூட அதிகமாகாது. வந்த கூட்டத்தைப் பங்கு போடுவதற்கான செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரின் முடிவும் நியாயமாகத் தெரியும். எல்லாம் சேரும்போது எல்லோருக்கும் நட்டம். சிறுதொழில்களில் தரகுச் சிக்கலின் மையம் இதுதான்.

அந்த 300 ரூபாய் யாருடையது?

மேலே சொன்ன 1,500 ரூபாய் அறையையே எடுத்துக்கொள்வோம். 300 ரூபாய் கமிஷனை மூன்று வழிகளில் கொடுக்கலாம்.

முதல் வழி: விலை எல்லோருக்கும் 1,500தான். அழைத்து வந்தவருக்கு உரிமையாளர் தம் இலாபத்திலிருந்து 300 கொடுக்கிறார். தங்க வந்தவர் கூடுதலாக எதையும் இழக்கவில்லை.

இரண்டாம் வழி: தாமாக வந்தவருக்கு 1,500, ஆட்டோவில் அழைத்து வரப்பட்டவருக்கு 1,800. கமிஷனை முழுக்க விருந்தினரே கொடுக்கிறார். அவருக்கு அது தெரியாது. உள்ளூர்க்காரர் உதவினார் என்ற நன்றியோடு ஆட்டோவுக்கும் தனியாகக் கூலி கொடுத்துவிட்டுப் போகிறார்.

மூன்றாம் வழி: எல்லோருக்கும் 1,800. கமிஷன் விலைக்குள்ளேயே கலந்துவிட்டது. தாமாகத் தேடி வந்தவரும் யாருக்கோ போகும் கமிஷனைச் சுமக்கிறார்.

முதல் வழியில் விலை நேர்மை கெடவில்லை. இரண்டாவதில் மறைப்பு இருக்கிறது. மூன்றாவதில் பொய் இல்லை, ஆனால் ஊரின் விலைமட்டமே உயர்ந்துவிடுகிறது. நடைமுறையில் பல இடங்கள் முதல் வழியில் தொடங்கி, கமிஷன் ஏற ஏற மூன்றாவதுக்கு வந்துசேர்கின்றன.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. 1,200 ரூபாய்க்குச் சுத்தமான அறை கொடுத்து, கமிஷன் கொடுக்க வழியில்லாத சிறு விடுதி ஒன்று பக்கத்திலேயே இருக்கலாம். ஓட்டுநர் அங்கே வண்டியைத் திருப்ப மாட்டார். விருந்தினர் நல்ல அறையை இழக்கிறார். நேர்மையான விடுதிக்காரர் விருந்தினரை இழக்கிறார். தரத்தில் செலவிட வேண்டிய பணம் தரகில் செலவாகிறது.

நெறி எங்கே மீறப்படுகிறது?

தரகு வாங்கினாலே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுநரும் சீசனை நம்பியே பிழைக்கிறார். நேரம் செலவிட்டு நாலு இடம் காட்டி அறை பிடித்துக் கொடுப்பது உழைப்புதான். நெறி மீறலைக் கண்டுகொள்ள மூன்று கேள்விகள் உதவும்.

ஒன்று, இதை விருந்தினர் முன்னிலையில் சொல்ல முடியுமா? “இந்த விடுதியில் எனக்கு 200 ரூபாய் கொடுப்பார்கள், ஆனால் அறை நன்றாக இருக்கும்” என்று ஓட்டுநர் சொன்னால் அதில் ஏமாற்று இல்லை. கேட்டவர் அந்தப் பரிந்துரையை அதற்கேற்ற மதிப்போடு எடுத்துக்கொள்வார். கவுன்ட்டரில் விருந்தினர் திரும்பி நிற்கும்போது கைமாற வேண்டிய பணம் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

இரண்டு, கமிஷன் இல்லாவிட்டாலும் இதே இடத்தைத்தான் சொல்லியிருப்பாரா? ஆம் எனில் கமிஷன் உழைப்புக்கான கூலி. இல்லை எனில் அது பரிந்துரையை விலைக்கு வாங்கியதாகும்.

மூன்று, பரிந்துரைப்பவருக்கு வாடிக்கையாளர் ஏற்கனவே கூலி கொடுக்கிறாரா? ஒருவரிடம் கூலி வாங்கிக்கொண்டு அவருக்காக வேலை செய்யும்போது, அவருக்குத் தெரியாமல் எதிர்த் தரப்பிடமும் வாங்குவது கூடுதல் தவறு.

மறைந்த தரகு சில நேரம் விலையைத் தாண்டியும் தீங்கு செய்யும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவர் உயிரிழந்தார். அருவியில் வெள்ளம் எப்போது வரும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தடை இருக்கிறதா, மலையில் மழை எப்படி என்று உள்ளூர்க்காரரைத்தான் கேட்பார்கள். “இன்று குளிக்க விடுவார்களா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவருடைய அன்றைய வருமானம், கேட்டவர் அறை எடுப்பதைப் பொறுத்தது என்றால், அந்தப் பதிலின் நம்பகத்தன்மை குறைகிறது. தகவல் சொல்பவரின் நேர்மைக்கு ஒரு சுற்றுலா ஊரில் விலையைவிடப் பெரிய மதிப்பு இருக்கிறது.

ஆளுக்கொரு விலை சரியா?

தரகோடு ஒட்டிய கேள்வி, ஒரே பொருளுக்கு ஆளைப் பார்த்து விலை சொல்லலாமா என்பது. விலை மாறுவது எல்லாமே அநீதி அல்ல. ஜூலை மாதச் சனிக்கிழமை இரவுக்கும் மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை இரவுக்கும் ஒரே வாடகை இருக்க முடியாது. பத்து அறை மொத்தமாக எடுப்பவருக்கும், மூன்று நாள் தங்குபவருக்கும், ஆண்டுதோறும் வருபவருக்கும் குறைத்துக் கொடுப்பது வியாபார வழக்கம். இவற்றின் காரணத்தை யாரிடமும் சொல்லலாம். அந்தக் காரணம் பொருந்தும் எவருக்கும் அதே விலை கிடைக்கும்.

வண்டியின் பதிவெண்ணைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, குழந்தைகள் களைத்துப்போயிருப்பதைக் கவனித்து விலை ஏற்றுவது வேறு. இங்கே உண்மைக் காரணம் ‘இவருக்கு வேறு வழியில்லை’ என்பதுதான். அதை வெளியே சொல்ல முடியாது. சொல்லக்கூடிய காரணத்தால் மாறும் விலை நேர்மையானது, சொல்ல முடியாத காரணத்தால் மாறும் விலை நேர்மையற்றது என்பது சிறுதொழிலருக்கு எளிய அளவுகோல்.

பொட்டலப் பொருள்களில் இன்னொரு பழக்கம் உண்டு. மூலிகை எண்ணெய், மசாலாப் பொட்டலம் போன்றவற்றில் அதிகபட்ச சில்லறை விலையை மிக உயர்வாக அச்சிட்டு, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லி விற்பது. அதிகபட்ச சில்லறை விலை என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்புதான்; அதுவே சரியான விலை என்பதற்கான சான்று அல்ல. அச்சிட்ட விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள பெரிய இடைவெளியில்தான் கமிஷனுக்கு இடம் கிடைக்கிறது.

சட்டத்தின் நிலை

இந்தியச் சட்டம் பொதுவாகத் தரகைத் தடை செய்யவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவு, கமிஷனுக்கும் தரகுக்கும் மூலத்தில் வரி பிடிக்கும் முறையை வகுத்தது. அதாவது சட்டத்தின் பார்வையில் கமிஷன் கணக்கில் காட்டப்பட வேண்டிய வருமானம். கணக்கில் காட்ட முடியாத கமிஷன் நெறியோடு வரிச் சட்டத்தையும் மீறுகிறது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளைச் சொல்கிறது. முகவர் தம்மை நியமித்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தில் தம் சொந்தக் கணக்கில் ஈடுபட்டு ஆதாயம் பெற்றால், அந்த ஆதாயத்தை நியமித்தவர் உரிமை கோரலாம் என்கிறது 216ஆம் பிரிவு. சாதாரண ஆட்டோப் பயணத்தில் ஓட்டுநரை விருந்தினரின் முகவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கூலி பேசி, “எனக்காக அறை பார்த்துக் கொடுங்கள்” என்று ஒருவரை அமர்த்தினால் உறவு மாறுகிறது. சுற்றுலா ஏற்பாட்டாளர், கல்யாண ஏற்பாட்டாளர், வீடு கட்டித்தரும் மேஸ்திரி போன்றோருக்கு இந்தக் கொள்கை நெருக்கமாகப் பொருந்தும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விலை குறித்துத் தவறான எண்ணம் உண்டாக்குவதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் உள்ளது. முறையீட்டுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சமூக ஊடகத்தில் விடுதியைப் புகழ்ந்து படம் போடுபவர் அதற்காகப் பணமோ இலவசத் தங்கலோ பெற்றிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கட்டாயமாக்குகின்றன. இணையத்தில் புகழ்பவருக்கு விதிக்கப்பட்ட இந்தக் கடமையின் அடிப்படை, ரயில் நிலையத்தில் புகழ்பவருக்கும் நெறியளவில் பொருந்தும்.

தரகே கூடாத தொழில்கள்

சில தொழில்களில் வெளிப்படையாகச் சொன்னாலும் தரகு கூடாது. 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக நன்னடத்தை விதிகள், நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. வழக்கறிஞர்கள் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. பட்டயக் கணக்கர்கள் தம் தொழிற்கட்டணத்தில் வெளியாருக்குப் பங்கு கொடுப்பது 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்முறைக் குற்றம்.

காரணம் எளிது. அறை சரியில்லை என்றால் விருந்தினர் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் தேவையா இல்லையா என்பதை நோயாளி தாமாகச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆலோசனையின் தரத்தை மதிப்பிட வழியில்லாதவரிடம், “எனக்குக் கமிஷன் உண்டு” என்று சொல்வதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. சிறுதொழிலர் தம் தொழிலை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் தாமே பார்த்து முடிவு செய்யக்கூடியது என்றால், வெளிப்படைத்தன்மை போதும். மின்வயரின் தரம், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, கட்டடத்தின் கம்பி போல, சொல்பவரை முழுதும் நம்ப வேண்டியது என்றால் தரகைத் தவிர்ப்பதே நல்லது.

இணையத்தின் கமிஷன்

இப்போது குற்றாலத்திலும் அறைகள் செல்பேசியிலேயே பதிவாகின்றன. முன்பதிவுத் தளமும் ஒரு தரகர்தான். ரயில் நிலையத்தில் நிற்காமல் திரையில் நிற்கிறது. விடுதியிடம் அது பெறும் கமிஷன் விருந்தினருக்குத் தெரிவதில்லை.

2022 அக்டோபர் 19 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஆணையம் ஆராய்ந்தவற்றில் ஒன்று விலைச் சமநிலை நிபந்தனை: தளத்தில் உள்ள விலையைவிடக் குறைவாக விடுதி வேறெங்கும் விற்கக்கூடாது என்பது. இத்தகைய நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கும்படி மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு ஆணையிடப்பட்டது. மேலே பார்த்த மூன்றாம் வழியை ஒப்பந்தத்தாலேயே கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. நேரடியாக வருபவருக்குக் குறைத்துக் கொடுக்கும் உரிமையையே விடுதிக்காரர் இழக்கிறார்.

இதற்கு நேர்மாறான தீர்வு நிதித்துறையில் இருக்கிறது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு பரஸ்பர நிதித் திட்டத்துக்கும் ‘நேரடித் திட்டம்’ ஒன்று இருக்க வேண்டும் என்று செபி விதித்தது. முகவர் வழியாக வாங்கினால் அவருடைய கமிஷன் செலவில் சேரும். நேரடியாக வாங்கினால் அது இல்லை. இரண்டு வழியும் திறந்திருக்கின்றன, இரண்டின் வேறுபாடும் தெரிகிறது. உதவி வேண்டியவர் உதவிக்குப் பணம் கொடுக்கிறார், வேண்டாதவர் கொடுப்பதில்லை. விடுதிக்கும் இந்த முறை பொருந்தும்.

எதிர்வாதங்கள்

“எல்லோரும் கொடுக்கிறார்கள், நான் மட்டும் நிறுத்தினால் அறை காலியாகத்தான் கிடக்கும்” என்பது வலுவான வாதம். தனியொருவர் நேர்மைக்காக நட்டப்படும்படி எதிர்பார்ப்பது எளிதல்ல. ஆனால் மறைப்பதை நிறுத்துவதற்கும் கமிஷனை நிறுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. விலைப் பலகையை வாசலில் வைத்து, கமிஷனைத் தம் பங்கிலிருந்து கொடுப்பவர் அழைத்து வரப்படும் விருந்தினரை இழக்க வேண்டியதில்லை.

“விடுதிக்காரர்கள் கூடி ஒரே வாடகை வைத்துக்கொள்ளலாமே” என்ற யோசனையும் எழும். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது போட்டிச் சட்டம், 2002-இன் 3ஆம் பிரிவின் கீழ் சிக்கலை உண்டாக்கும். விலையில் உடன்படுவதற்குப் பதிலாக வெளிப்படைத்தன்மையில் உடன்படலாம். அன்றைய வாடகையை எல்லா விடுதிகளும் வாசலில் எழுதி வைப்பது, எல்லோருக்கும் பில் கொடுப்பது ஆகிய இரண்டை மட்டும் பொது நடைமுறையாக ஏற்றாலே இரண்டாம் வழி அடைபட்டுவிடும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் அறிவித்த கட்டணத்தில் இங்கே இயங்குவதால், வருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவும் இருக்கிறது.

“ஓட்டுநரின் வயிற்றில் அடிப்பதா?” என்பது மூன்றாவது. ஓட்டுநரின் வருமானம் குறைய வேண்டியதில்லை. அறை பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு வெளிப்படையான தொகை ஒன்றைப் பேசிக்கொள்ளலாம். எந்த விடுதிக்குப் போனாலும் அதே தொகை என்றால், அவர் நல்ல இடத்தைக் காட்டத் தடையிருக்காது.

நடைமுறைக்கு

சிறுதொழில் நடத்துபவர் கடைப்பிடிக்கக்கூடியவை:

1. அன்றைய விலையை வாசலில் எழுதி வையுங்கள். அழைத்து வரப்பட்டவருக்கும் தாமாக வந்தவருக்கும் அதுவே விலை.

2. கமிஷன் கொடுப்பதானால் உங்கள் இலாபத்திலிருந்து கொடுங்கள், கணக்கில் எழுதுங்கள்.

3. சதவீதமாக இல்லாமல் நிலையான தொகையாகக் கொடுங்கள். சதவீதம் என்றால் அழைத்து வருபவருக்கு விலையுயர்ந்த அறையை விற்கத் தோன்றும்.

4. நேரடியாக வருபவருக்குக் கமிஷன் மிச்சம். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகக் கொடுத்தால் அடுத்த முறை அவர் நேராக உங்களுக்கே போன் செய்வார். தரகுச் செலவைக் குறைக்க நிலையான வழி இதுதான்.

5. நீங்களே மற்றவரைப் பரிந்துரைக்கும்போது ஆதாயம் இருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

6. வாடிக்கையாளரிடம் ஆலோசனைக்குக் கூலி வாங்கியிருந்தால் எதிர்த் தரப்பிடம் வாங்காதீர்கள்.

வருபவருக்கும் இரண்டு சொல்லலாம். சீசனில் வார இறுதியில் வருவதானால் முன்பே விடுதிக்கு நேராகப் பேசி விலையை உறுதி செய்துகொள்ளலாம். அழைத்துப் போகிறவரிடம், “இங்கே உங்களுக்குக் கமிஷன் உண்டா, அண்ணாச்சி?” என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் அவமதிப்பு இல்லை. உண்டு என்று சொல்பவரின் பேச்சை அதன் பிறகு கூடுதலாக நம்பலாம்.

குற்றாலத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் சாரல் விழும்போதெல்லாம் மறுபடி வருகிறார்கள். ஒரு சீசனில் 300 ரூபாய் கூடுதலாக வாங்கிய விடுதிக்கு அந்தத் தொகை அன்றைய இலாபம். ஏமாந்தோம் என்று பிறகு தெரிந்துகொண்ட குடும்பம் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போனால், அந்த இழப்பு விடுதிக்கு மட்டுமல்ல, ஓட்டுநருக்கும் சிப்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் சேர்ந்தே வருகிறது.